மலையமான், மலையாளி, மலைவாழ் மக்கள்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மாந்தர் பெயர்களின் வரலாறு

இந்திய அரசு வெளியிட்டுள்ள தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆறு மாவட்டங்கள் வருகின்றன: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. அவற்றில் வடஆற்காடும் தென்னாற்காடும் இன்று மாவட்டங்களாக இல்லை. தென்னாற்காட்டிலிருந்து 1993-ல் விழுப்புரம் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆனாலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைச் சேர்ந்த ஒருவர் பழங்குடியினர் ஆவது அந்தத் தென்னாற்காட்டின் வழியாகத்தான். பட்டியலில் உள்ள பெரும்பாலான பெயர்களுக்கு இப்படி எல்லைக்கோடு கிடையாது. ஒரு மக்களைக் குறிக்கும் சொல் எப்படி உருவாகிறது, யார் வாயில் வழங்குகிறது, எந்தக் கட்டத்தில் சட்டச் சொல்லாகிறது என்பதற்கு இந்த மாவட்டம் ஈராயிரம் ஆண்டுச் சான்றுகளை வைத்திருக்கிறது. அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தொடக்கம் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில். 1981-ல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கற்படுக்கை அளித்த செய்தியைச் சொல்கிறது. அரசனின் பெயருக்கு முன்னால் ‘ஸதியபுதோ’ என்ற பிராகிருதச் சொல் நிற்கிறது. அசோகன் கல்வெட்டுகளில் வரும் ‘சதியபுத்திரர்’ யார் என்ற நீண்ட விவாதத்தை இந்த ஒரே வரி முடித்துவைத்தது என்பது பலரும் அறிந்ததே. சொல்லாக்கத்தை ஆராய்பவருக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. ‘புதோ’ என்றால் மகன். ‘மான்’ என்பதும் ‘மகன்’ என்பதன் மரூஉ. இரு மொழியும் ஒரே வரியில் ஒரே உத்தியைக் கையாள்கின்றன: குடியின் பெயரோடு மகனைச் சேர்த்தால் அக்குடியின் தலைவன் கிடைக்கிறான்.

திருக்கோவலூரை ஆண்ட மலையமானின் பெயரும் அப்படி அமைந்ததே. கபிலர் பாடிய திருமுடிக்காரி முள்ளூர் மலைக்கு உடையவன். மலையன், ஆகவே மலையமான். அவன் நாடு ‘மலையமான் நாடு’ என்பதிலிருந்து ‘மலாடு’ ஆகி, கல்வெட்டுகளில் ‘மிலாடு’ என்றும் வந்தது. சோழர் காலத்துச் சிற்றரசர் தம்மை ‘மிலாடுடையார்’ என்று சொல்லிக்கொண்டனர். ஆள் பெயரிலிருந்து நாட்டின் பெயர், நாட்டின் பெயரிலிருந்து மீண்டும் ஆள் பெயர். பிற்காலத்தில் ‘உடையார்’ பட்டமாகிப் பின் சாதிப்பெயராயிற்று. 1909-ல் வெளிவந்த, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தர்ஸ்டன் தொகுதிகள் உடையார் சமூகத்தின் பிரிவுகளாக மலையமான், நத்தமான், சுருதிமான் என்ற மூன்றைப் பதிவு செய்கின்றன. சங்க காலத்தில் ஒரே ஒருவனுக்கு உரியதாயிருந்த சொல், ஆங்கிலேயர் கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கானோரின் பெயராகிவிட்டது. தமிழில் பட்டங்கள் பொதுவாக இந்த வழியில்தான் இறங்கி வருகின்றன. கீழிருந்து மேலே போன சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே மாவட்டத்தின் மேற்கில், அதே ‘மலை’ என்ற அடிச்சொல்லிலிருந்து பிறந்தது மற்றொரு பெயர்: மலையாளி. கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. அந்தச் சொல் மலையாளம் என்ற நாட்டுப்பெயர், மொழிப்பெயர் வழியாக வந்தது. இந்தச் சொல் ‘மலை’யோடு ‘ஆளி’ சேர்ந்தது. இரு வேறு வழிகளில் நடந்து ஒரே வடிவத்தில் முட்டிக்கொண்ட சொற்கள் இவை. ஊருக்குப் புதிய அதிகாரிகள் குழம்புவதில் வியப்பில்லை.

மலையிலுள்ளோர் தம்மைப் பற்றிச் சொன்ன கதை வேறு. சேலம், தென்னாற்காடு மலைகளில் பதிவான வாய்மொழி மரபின்படி இவர்கள் காஞ்சியிலிருந்து வந்த வேளாண்குடியினர்; அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர். ‘காராளர்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. கார் எனில் மேகம், மழை. வேளாளர் என்பதற்கு நிகரான பெயர் அது. பேச்சில் பட்டப்பெயர் ‘கவுண்டர்’. 1906-ல் தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியை எழுதிய பிரான்சிஸ் பதிந்துள்ள மற்றொரு செய்தி: மலையில் முன்பிருந்த வேடர்களைக் கொன்று அவர்கள் பெண்களை வந்தவர்கள் மணந்தனராம்; அந்த வேடக் கணவனின் சாவைக் குறிக்கத் திருமணத்தில் வானை நோக்கித் துப்பாக்கி சுடுவார்களாம். உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இக்கதைகளில் எதிலும் அவர்கள் ‘மலையாளி’களாக வரவில்லை, வேளாளராகவே வருகிறார்கள். மலையைச் சொல்லி ஒருவரை அடையாளம் காட்டுவது கீழ்நாட்டில் நிற்பவருக்கே தேவைப்படும் என்பதால், இப்பெயர் சமவெளியார் இட்டது என்று கருதுவதே பொருந்தும்.

இங்கே விகுதியைக் கவனிக்க வேண்டும். ‘காராளர்’, ‘மலையாளி’ இரண்டிலும் ‘ஆள்’ என்ற வேர்தான் இருக்கிறது, ஆளுதல், கைக்கொள்ளுதல். ஆனால் ‘ஆளர்’ மரியாதைப் பன்மை, ‘ஆளி’ ஒருமை. தொழிலாளியைத் தொழிலாளர் ஆக்கினோம். முதலாளி, நோயாளி, கடனாளி, கூட்டாளி ஆகியோருக்குத் தமிழ்நாட்டில் அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. ‘கள்’ சேர்த்து ஒப்பேற்றுகிறோம். (இலங்கையில் ‘நோயாளர்’ என்று எழுதுகிறார்கள். அங்குள்ள மருத்துவமனைப் பலகைகள் இந்த விஷயத்தில் நம்முடையதைவிடப் பண்பானவை.) மலையாளியும் ‘மலையாளிகள்’தான். தொல்காப்பியத்தில் ‘கள்’ அஃறிணைக்கு உரிய பன்மை விகுதி. குறளிலேயே ‘அர்’ விகுதிக்குப் பின் அது மக்களோடும் சேர்ந்துவிட்டதால் இன்று யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. ஒப்பீட்டுக்குச் சீன மொழியைப் பார்க்கலாம்; அது இதற்கு நேர் எதிர். அங்கே ‘மென்’ என்ற பன்மை ஒட்டு மாந்தருக்கு மட்டுமே உரியது, பொருள்களோடு சேராது.

தற்காலச் சீனத்தில் ஒட்டே மதிப்பை நிறுத்துப் போடுகிறது. எழுத்தையே வாழ்வாக்கிப் பெயர் பெற்றவர் ‘சுவோஜியா’; ஒரு குறிப்பிட்ட கட்டுரையை எழுதியவர் ‘சுவோஜெ’. ‘யுவான்’ சேர்ந்தால் ஓர் அமைப்பில் பணிசெய்பவர். தமிழிலும் இந்தத் தராசு உண்டு: எழுத்தர் அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறார், எழுத்தாளர் கதை எழுதுகிறார். அடிச்சொல் ஒன்றே, சம்பளம்தான் வேறு. சில நேரம் எழுத்தருக்கு அது கூடுதல்.

கல்வராயன் மலையின் ஆட்சி முறையையும் விகுதிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர்கள். அவற்றின் தலைவர்கள் தமிழில் பாளையக்காரர், பாரசீக வழியில் ஜாகீர்தார். குடிகள் அவர்களின் நிலத்தில் கூலியின்றி உழைத்துக் கொடுக்க வேண்டும். ‘வெட்டி’ என்பது கூலியற்ற ஊழியத்துக்குச் சோழர் கல்வெட்டுகளிலேயே உள்ள சொல். அதைச் செய்தவரே வெட்டியான். இந்தியா குடியரசாகிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் இந்த முறை மலையில் நீடித்து, 1976-ல்தான் ஜாகீர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தன. ‘தார்’ மட்டும் போகவில்லை. 1956-ன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். வெள்ளிமலை அலுவலகப் பலகைக்கு அவர் வட்டாட்சியர், வாசலில் மனுவோடு நிற்பவருக்குத் தாசில்தார்.

ஆட்சித்தமிழ் அச்சட்டத்துக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் மாந்தர் சொற்களை ஏராளமாகப் படைத்தது: செயலாளர், பொருளாளர், ஆணையர், அலுவலர், பணியாளர். பின்னர் இழிவு நீக்கும் ஆக்கங்கள் வந்தன. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆயினர். 2020-ல் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆயினர். இம்மாவட்டத்தின் பங்கு இதில் சிறிதன்று. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில், கூத்தாண்டவர் திருவிழாவின் அரவானிலிருந்து ‘அரவானி’ பிறந்து தமிழகமெங்கும் வழங்கியது. 2008-ல் அமைந்த நல வாரியமும் முதலில் அப்பெயரையே தாங்கியது. பிறகு ‘திருநங்கை’ அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு கோயிலின் கதையோடு கட்டுண்ட பெயரைவிட எந்த ஊருக்கும் பொருந்தும் பெயர் வென்றது.

மலையாளிகளுக்கு அப்படி ஒரு மாற்று உண்டாகவில்லை. பழங்குடி, மலைவாழ் மக்கள், மலைவாசி என்ற பொதுச்சொற்கள் பெருகின. அவை இருளரையும் தோடரையும் சேர்த்தே குறிப்பவை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மிகப் பெரிய பிரிவு இவர்களே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல்.

செய்திகளில் இவர்களுக்கு ஒட்டிக்கொண்ட மற்றொரு விகுதி ‘காரர்’. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். மலைக்கிராமத்தாரும் அதில் இருந்தனர். ‘செம்மரக் கடத்தல்காரர்’ என்றது ஒரு தரப்பு, ‘மரம் வெட்டும் கூலித் தொழிலாளர்’ என்றது மறு தரப்பு. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அறியச் சொல்லின் விகுதியே போதுமாயிருந்தது. காரர் என்பது உடைமையையும் பழக்கத்தையும் சுமத்தும் விகுதி. வீட்டுக்காரர், கடைக்காரர் என்பது போல, கடத்தல் அவர்களின் சொந்தத் தொழில் என்றாகிவிடுகிறது.

பெயரிலேயே இழிவு ஏறும் இந்தச் சிக்கலைச் சீன அரசு எழுத்திலேயே எதிர்கொண்டது. தென்மேற்கு மலைக்குடிகள் சிலவற்றின் பெயர்களை நாயைக் குறிக்கும் உறுப்புச் சேர்த்தே நூற்றாண்டுகளாக எழுதிவந்தனர். 1939-ல் தேசியவாத அரசு அவற்றை மாற்ற ஆணையிட்டது. சுவாங் மக்களின் பெயரில் நாய் உறுப்பு போய் மனித உறுப்பு வந்தது. அந்த வடிவத்துக்கும் பணிச்சிறுவன் என்ற பொருள் இருந்ததால் 1965-ல் ‘வலிமை’ என்று பொருள்படும் எழுத்து இடப்பட்டது. 1950-கள் முதல் குடிகளை இனங்காணும் பணி நடந்து, 1979-ல் ஹான் உட்பட 56 இனங்கள் என்று பட்டியல் நிலைத்தது. அதில் இடம்பெற்றோர் எந்த மாகாணத்துக்குச் சென்றாலும் அந்த இனத்தவரே.

இங்கே பெயர் திருத்தப்படவில்லை. அது செல்லும் இடம்தான் வரையறுக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். அவர்கள் மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1979-ல் பிரிந்த புது மாவட்டத்துக்குப் போனது. கோயம்புத்தூர் பட்டியலின் ஆறில் ஒன்றன்று. ஆகவே கல்வராயனில் பழங்குடியாக உள்ள அதே பெயர் பர்கூரில் ஆகாது. சான்றிதழ் கேட்டு அங்கே நீண்ட காலமாகக் கோரிக்கை இருக்கிறது. கல்வராயனிலும் சிக்கல் இல்லாமலில்லை. பழைய ஆவணத்தில் ‘கவுண்டர்’ என்று மட்டும் இருந்தால், அப்பட்டத்தைச் சமவெளியில் பல சாதியினர் தாங்குவதால், விண்ணப்பித்தவர் யார் என்பதை விசாரணையே முடிவு செய்கிறது. தாமே சொல்லிக்கொண்ட பெயர் ஐயத்துக்கு இடமாகிறது, கீழிருந்து பிறர் இட்ட பெயரே சான்றாகிறது. சேலம் பக்கத்து மலையூர்களின் வருவாய்க் கணக்கில் மேல்நாடு, கீழ்நாடு, வடக்கு நாடு, தெற்கு நாடு என்ற பழைய பிரிவுகள் இன்றும் எழுதப்படுகின்றன. அந்த நாடுகளின் பெயரால் மக்களை அழைக்கும் வழக்கம் எந்தப் பட்டியலுக்கும் ஏறவில்லை.