வெந்நீர்க் கிணறுகளும் தீக்கோலும்

தென் அவுஸ்திரேலியாவில், பிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடகோடியில், பரலானா என்றொரு வெந்நீரூற்று இருக்கிறது. அடிலெயிட் நகரிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வடக்கே ஆர்க்கரூலா. அதற்கும் அப்பால் கல்லும் புழுதியுமான பாதையில் போகவேண்டும். நார்த்மீட்டிலிருந்து நாங்கள் மூவர் போனோம். மூவரும் ஒரே சமையலறையில் வேலை செய்கிறவர்கள். கடையைத் திருத்துவதற்காகச் சில நாட்கள் பூட்டியிருந்தார்கள். மட்டக்களப்பு நண்பருக்குப் பாலைவனம் பார்க்கவேண்டும் என்று ஆசை, நேபாளத்துப் பொடியனுக்குக் கார் ஓட்ட ஆசை. எனக்கு வெந்நீரூற்று.

வாகனத்தை விட்டிறங்கி, வற்றிய ஓடைப்படுகையின் வழியே நடந்தோம். இருபக்கமும் செம்பாறைச் சுவர்கள். தண்ணீரே இல்லாத மணலில் பெருத்த யூக்கலிப்டஸ் மரங்கள் எப்படி நிற்கின்றன என்று யோசித்தபடி போகையில், பாறையடியில் சிறிய குட்டை ஒன்று தெரிந்தது. அதில் குமிழிகள் விடாமல் எழுந்துகொண்டிருந்தன. குளிர்காலக் காலையானதால் மேலே ஆவி படர்ந்திருந்தது. சூடு 60 பாகையை அண்டியது, குளிக்க முடியாது. அதிக நேரம் அருகில் இருப்பதும் கூடாது என்பார்கள், ஏனெனில் குமிழிகளோடு ரேடன் வாயுவும் வருகிறது.

இந்த மலைப்பகுதியின் கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் மிகுதி. அவை சிதையும்போது வெளிவரும் வெப்பம் பாறையைச் சூடாக்க, ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் பிளவுகள் வழியே கொதித்து மேலேறுகிறது. 1910இல் இங்குள்ள மவுண்ட் பெயின்டரில் எடுத்த கல்லொன்றை, தென்துருவப் பயணங்களால் பெயர்பெற்ற டக்ளஸ் மோசன் ஆராய்ந்து, அது யுரேனியக் கனிமம் என்று சொன்னார். ரேடியம் சர்வரோக நிவாரணி என்று உலகம் நம்பிய காலம் அது. 1920களில் இந்த ஊற்றடியிலேயே ஒரு சுகநல விடுதி நடத்திப் பார்த்தார்கள். நீடிக்கவில்லை. நோயாளி இங்கு வந்து சேருமுன்னரே பாதி உயிர் போயிருக்கும் என்பது எனது அபிப்பிராயம்.

இந்நிலத்தின் ஆதிக்குடிகள் அட்ஞமத்தன மக்கள். மலையின் மனிதர் என்பது பெயரின் பொருள். ஊற்றுப்பற்றி அவர்களிடம் வழங்கும் கதை இது: ஒரு பெண்ணுக்காக இரு இளைஞர் சண்டையிட்டனர். ஒருவன் தன் தீக்கோலால் மற்றவனைக் கொன்றான். பின் அந்தக் கோலைத் தண்ணீரில் அமிழ்த்தினான். அன்றுதொட்டு அந்தத் தண்ணீர் சுடுகிறது.

கதையைச் சொன்னதும் மட்டக்களப்பு நண்பர் என்னைப் பார்த்தார். ஓர் ஆயுதம், ஒரு சாவு, சுடுதண்ணீர். கன்னியா நினைவு இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் வந்திருக்கவேண்டும்.

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதியில் சிறிது தூரம் போனால் கன்னியா. சதுரமாய்க் கட்டிய ஏழு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. அதிகம் போனால் 40 பாகையை அண்டும். எரிமலை எதுவும் இல்லாத இலங்கையில் மகா ஓயா, மகாபெலெஸ்ஸ என்று வேறு வெந்நீரூற்றுகளும் உண்டு. ஆழத்துப் பிளவுகளில் இறங்கிய நீர் பூமியின் இயல்பான சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஏழும் கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே இருப்பதாலோ என்னவோ, மனிதர் அங்கு சும்மா குளித்துவிட்டுப் போகவில்லை, கதையும் கட்டினார்கள்.

தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்க இராவணன் வாளால் வெட்டினான். அந்தப் பிளவே இராவணன் வெட்டு. அவனைத் தடுக்க விஷ்ணு கிழப்பிராமணர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி சொன்னார். கிரியைக்கு நீர் வேண்டி நிலத்தில் ஏழிடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் எழுந்தன. குத்தியது இராவணனின் வாள் என்பர் சிலர், விஷ்ணுவின் தடி என்பர் வேறு சிலர். தாயின் பெயரே கன்னியா என்போரும் உளர்.

யாழ்ப்பாணத்தவருக்குக் கீரிமலை போல எங்கள் பகுதியாருக்குக் கன்னியா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அங்குதான் போவார்கள். போர்க்காலத்தில் நினைத்தவுடன் போய்வரும் இடமாக அது இருக்கவில்லை. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர், பாதை திறந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், அம்மம்மாவின் காரியத்துக்காக அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனா. எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றியதும், மூன்றாவது கிணற்றில் நான் அலறியதும் நினைவிருக்கிறது.

கன்னியாவைப் பற்றி எழுத்தில் கிடைப்பவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீன். பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் 1844இல் இந்த ஊற்றுநீரில் பிடித்த ஒரு கெண்டையின மீனுக்கு, வெப்பத்தைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' என்ற பெயரை வைத்தார். இன்றும் அது புன்ரியஸ் தெர்மாலிஸ்தான். எமர்சன் டெனன்ற்றும் 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் இந்தச் சுடுநீர் மீன்களைக் குறிப்பிடுகிறார். குளிர்ந்த குளங்களில் பிறந்து வளர்ந்தாலும் அந்த மீன் கன்னியாவின் சூட்டைப் பெயரில் சுமந்து திரிகிறது.

போர் முடிந்தபின் கிணறுகளின் நிர்வாகம் உள்ளூராட்சி சபையின் கையிலிருந்து தொல்பொருள் திணைக்களத்துக்குப் போனது. 2011இல் அது தொல்பொருள் இடமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அநுராதபுர காலத்து பௌத்த மடாலயத்தின் பகுதி என்று பலகை எழுந்தது. கிணறுகளுக்கு அருகே பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்த இடத்தில் விகாரை கட்டும் முயற்சி நடந்தபோதுதான் ஊர் கொதித்தது. 2019 ஜூலை 16ஆம் திகதி அங்கு வழிபடப் புறப்பட்ட மக்கள் பொலிசாரால் மறிக்கப்பட்டனர். தென்கயிலை ஆதீன முதல்வர் அகத்தியர் அடிகள் மீது சுடுதேநீர் வீசப்பட்டது. ஆறு நாள் கழித்து, ஜூலை 22இல், திருகோணமலை மேல்நீதிமன்றத்தில் நீதிபதி இளஞ்செழியன் அந்தக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார்.

இந்த இடத்தில் நம்மவர்க்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். கன்னியாவில் பழைய பௌத்த எச்சங்கள் இருப்பதாகச் சொன்னதும் நாம் பதறிப்போய் இராவணனைச் சாட்சிக்கு இழுக்கிறோம். ஐயாயிரம் ஆண்டு என்கிறோம், பத்தாயிரம் என்கிறோம். பௌத்தர் அங்கே இருந்திருக்கலாம்; தமிழரிலும் பௌத்தர் இருந்தார்கள். அதை மறுத்து நமக்கு ஆவதொன்றுமில்லை. பலகையில் நான் காணும் குற்றம், எழுதியதைவிட எழுதாமல் விட்டது. மண்ணுக்கடியில் கிடந்த செங்கல்லுக்கு வயது சொல்லத் தெரிந்தவர்களுக்கு, நேற்றுவரை அங்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவர்கள் கண்ணில் படவில்லை. இராவணன் கதை வரலாறல்ல. அம்மா அங்கு செய்தது வரலாறு. அவவின் தாயும் செய்தது.

பரலானாவை நான் சொர்க்கமாகக் காட்டவரவில்லை. பிளிண்டர்ஸ் மலைத்தொடரின் பெரும்பரப்பில் அட்ஞமத்தன மக்களின் பூர்வீக உரித்தை நீதிமன்றம் ஏற்றது 2009 மார்ச் 30இல்தான். அதுவும் காணி உறுதி கையில் கிடைத்தது போன்ற உரிமையல்ல. ஊற்றிலிருந்து அதிக தூரமில்லாத பெவர்லியில் 2001இலேயே யுரேனியச் சுரங்கம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆர்க்கரூலாவில் சுரங்கம் தோண்டுவதைத் தடுக்கும் சட்டம் 2012இல் வந்தது. ஆனாலும் ஊற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் தீக்கோல் கதையையும் கருங்கல் விஞ்ஞானத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஒன்று மற்றதைத் துரத்தவில்லை. அந்தத் தீர்ப்பு வந்து ஏழு கிழமைகளில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்பதை, திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

இராவணனுக்குத் தாயின் சாவு செய்தியாகத்தான் வந்தது; அந்தச் செய்தி பொய் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு 2018இல் ரெலிபோனில் வந்தது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில், அடுப்பு நாலும் எரிந்துகொண்டிருக்கையில். அது பொய்யில்லை. என்னிடமிருந்த விசாவில் போனால் திரும்ப முடியாது. முப்பத்தோராம் நாள் அண்ணா நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு கன்னியாவுக்குள் போனார்.

பரலானாவில் நான் எதுவும் செய்யவில்லை. அது வேறு மக்களின் தண்ணீர். அம்மாவின் காரியத்தைத்தான் அண்ணா செய்துவிட்டாரே. காற்று திரும்பியதும் கிளம்பலாம் என்றார் மட்டக்களப்பு நண்பர். ஓடைப்படுகையில் திரும்பி வருகையில் நேபாளத்துப் பொடியன், உங்கள் ஊர்க் கிணறு எவ்வளவு ஆழம், கயிறு வேண்டுமா என்று கேட்டான்.

வேண்டாம், குனிந்தால் வாளி எட்டும் என்றேன்.