எஞ்சிய இடமும் ஏற்ற இடமும்: காட்டு மாட்டினங்களின் வாழிட வரைபடம் வளர்ந்த வரலாறு

முன்னுரை

வீட்டு மாட்டுக்கும் எருமைக்கும் காட்டில் வாழும் உறவினங்கள் பல உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுமாடு, அஸ்ஸாம் சதுப்புகளின் காட்டெருமை, கம்போடியாவின் பான்டெங், வியட்நாம்–லாவோஸ் எல்லை மலைகளின் சாவோலா, கிழக்கு ஐரோப்பாவின் பைசன் ஆகியவை அவற்றுள் சில. வீட்டு மாட்டின் மூதாதையான ஆரோக்ஸ் 1627இல் போலந்தில் அற்றுப்போனது. மற்றவற்றைக் காப்பதென்றால், எந்த நிலத்தைக் காப்பது என்பது முதல் கேள்வி. அதற்கு விடைதேடப் பிறந்த கருவியே வாழிட ஏற்புடைமை வரைபடம். ஒரு விலங்கு எஞ்சி நிற்கும் இடம் வேறு, அது வாழ ஏற்ற இடம் வேறு. இந்த வேறுபாட்டை அறிவியல் படிப்படியாக உணர்ந்துகொண்டதே அக்கருவியின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

கண்டு எழுதிய காலம்

தொடக்கத்தில் வேட்டைக்காரர்களும் கள ஆய்வாளர்களும் கண்ட இடங்களே வரைபடத்தில் புள்ளிகளாயின. கம்போடியாவின் காட்டு மாட்டினமான கூப்ரே இதற்குச் சான்று. பிரெஞ்சு விலங்கியலாளர் ஆசில் உர்பெய்ன் 1937இல்தான் இவ்வினத்தை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் வார்ட்டன் வடகம்போடியாவில் இதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1957இல் நூலாக வெளியிட்டார். கூப்ரே அடர்காட்டு விலங்கன்று. மரங்கள் விலகி நிற்கும் இலையுதிர் காடும் புல்வெளியும் கலந்த நிலமே அதற்குத் தேவை. அந்நிலத்தை அடர்ந்துவிடாமல் வைத்திருந்ததில் மக்கள் ஆண்டுதோறும் இட்ட தீக்குப் பெரும் பங்குண்டு என்று அவர் கண்டார். வாழிடம் என்பது மண்ணும் மழையும் மட்டுமன்று, மனிதப் பயன்பாட்டின் வரலாறும் ஆகும் என்ற பாடம் அதில் இருந்தது. பின்வந்த போரும் வேட்டையும் கூப்ரேயை விட்டுவைக்கவில்லை. அது அற்றுப்போயிருக்கலாம் என்றே இன்று கருதப்படுகிறது.

கணித்து வரைந்த காலம்

வரைபடத்தைக் கணிப்பாக மாற்றிய கோட்பாடு முன்பே உருவாகியிருந்தது. ஓர் இனம் எத்தகைய சூழலில் நிலைகொள்கிறது என்பதை ஜோசப் கிரின்னல் 1917இல் கலிபோர்னியப் பறவை ஒன்றைக் கொண்டு விளக்கினார். வெப்பம், ஈரம், உணவு எனப் பல அளவுகளின் எல்லைக்குள் அமையும் வெளியாக அச்சூழலை 1957இல் வரையறுத்தார் ஈவ்லின் ஹட்சின்சன். 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள், காட்டின் பரப்பை வானிலிருந்து தொடர்ந்து பார்க்க வழிசெய்தது. 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவான பயோக்ளிம் முறை, தட்பவெப்பத் தரவைக் கொண்டு ஓர் இனத்தின் பரவலைக் கணித்தது.

2006இல் ஸ்டீவன் பிலிப்ஸ் குழுவினர் வெளியிட்ட மேக்ஸென்ட் முறை, விலங்கு காணப்பட்ட இடங்களின் தரவு மட்டும் இருந்தாலே போதும் என்றது. காட்டு மாட்டினங்களுக்கு இது பெரிதும் பொருந்தியது. அடர்ந்த காட்டில் ஒரு விலங்கு கண்ணில் படவில்லை என்பதால் அங்கே அது இல்லை என்று துணிய முடியாது. சாணம், குளம்படி, தானியங்கி கேமராப் படம் ஆகியவை கிடைத்த இடங்களை உயரம், சரிவு, நீர்நிலைத் தொலைவு, மரச்செறிவு, சாலைத் தொலைவு ஆகியவற்றோடு பொருத்தி, ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் 0 முதல் 1 வரை ஏற்புடைமை மதிப்பிடப்படுகிறது. இம்முறையின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. ஆய்வாளர் எளிதில் சென்ற இடத்திலேயே புள்ளிகள் குவிந்தால், கணிப்பும் அப்பக்கமே சாயும்.

எஞ்சிய இடம் தரும் மயக்கம்

அதைவிட ஆழமான பிழையை ஐரோப்பிய பைசன் உணர்த்தியது. முதல் உலகப் போரை ஒட்டிப் போலந்தின் பியாவோவியெஜா காட்டிலும், 1927இல் காகசஸ் மலையிலும் கடைசிக் காட்டு பைசன்கள் கொல்லப்பட்டன. உயிரியல் பூங்காக்களில் எஞ்சியவற்றுள் 12 விலங்குகளின் வழித்தோன்றல்களே இன்றுள்ள அனைத்தும். 1952இல் பியாவோவியெஜாவில் அவை மீண்டும் காட்டில் விடப்பட்டன. அதனால் அடர்காடே பைசனின் இயல்பான வாழிடம் என்ற எண்ணம் வேரூன்றியது. ஆனால் குளிர்காலத்தில் அங்கே அவற்றுக்கு உலர்புல் இட வேண்டியிருந்தது. 2012இல் கிரஹாம் கெர்லியும் உடனாய்வாளர்களும் இந்த எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கினர். பைசனின் பல்லும் வாயமைப்பும் புல் மேய்வதற்கு உரியவை; மனிதர்கள் திறந்தவெளிகளைக் கைக்கொண்டதால் காட்டுக்குள் ஒதுங்கிய அகதி இனம் அது என்றனர். பழைய எலும்புகளின் வேதியியல் ஆய்வும், முற்காலப் பைசன்கள் திறந்த நிலத்திலும் மேய்ந்ததைக் காட்டியது. அகதி நின்ற இடத்தைப் புள்ளியாக இட்டால், வரைபடம் அந்தப் புகலிடத்தையே சொந்த ஊர் என்று சொல்லும்.

இதன் மறுபக்கத்தைப் பாந்தவ்கரில் காணலாம். மத்தியப் பிரதேசத்தின் இக்காட்டில் 1990களில் காட்டுமாடு மறைந்தது. அன்றைய புள்ளிகளை மட்டும் நம்பியிருந்தால் அது பொருந்தாத நிலமாகவே தெரிந்திருக்கும். 2011, 2012 ஆண்டுகளில் கான்ஹா காட்டிலிருந்து 50 காட்டுமாடுகள் அங்கே கொண்டுவரப்பட்டன, அவை பெருகின. விலங்கு இல்லாமையும் நிலத்தின் தகுதியின்மையும் ஒன்றல்ல என்பது உறுதியானது.

வரைபடத்தில் தெரியாதவை

நிலம் ஏற்றதாக இருந்தும் விலங்கு வாழ முடியாமல் போவதும் உண்டு. 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் அறியப்பட்ட சாவோலாவுக்கு அன்னமைட் மலையின் ஈரக்காடு இன்னும் இருக்கிறது. ஆனால் 2013க்குப் பின் அதன் கேமராப் படம் கிடைக்கவில்லை. அம்மலைகளில் காவலர்கள் பல்லாயிரக் கணக்கான கம்பிக் கண்ணிகளை அகற்றியுள்ளனர். செயற்கைக்கோள் மரத்தைக் காணும், கண்ணியைக் காணாது.

நோயும் வரைபடத்தில் தெரியாது. முதுமலையிலும் பந்திப்பூரிலும் 1968இல் பரவிய வெக்கை நோய் காட்டுமாடுகளைப் பெருமளவில் கொன்றது. அந்நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டாலும், காட்டோரம் மேயும் கால்நடைகளிடமிருந்து கோமாரி போன்ற நோய்கள் பரவும் ஆபத்து நீங்கவில்லை. முதுமலையில் பரந்துள்ள உன்னிச்செடி வானிலிருந்து பச்சையாகத் தெரியும். அதன் அடியில் மேய்ச்சலுக்குப் புல் தேறாது. குன்னூர், கொடைக்கானல் பகுதிகளில் தேயிலைத் தோட்டத்திலும் தெருவிலும் காட்டுமாடு நிற்பதையும் இவ்வரலாற்றின் வெளிச்சத்திலேயே படிக்க வேண்டும். அங்கே நிற்பதால் மட்டும் அது ஏற்ற இடம் ஆகிவிடாது.

முடிவுரை

இன்றைய இருப்பை மட்டும் கொண்டு வரையப்படும் வரைபடம், நேற்றைய இழப்பை இயல்பு நிலையாக ஏற்றுக்கொள்கிறது. எனவே பழைய எலும்பு, வேட்டைக் குறிப்பு, ஊர் மக்களின் நினைவு ஆகியவையும் தரவாக வேண்டும். கண்ணி, நோய், களைச்செடி ஆகியவற்றைத் தனி அடுக்குகளாகச் சேர்க்க வேண்டும். ஏற்ற நிலங்களை இணைக்கும் வலசைப்பாதைகளைக் குறித்து, அவற்றில் சாலையும் வேலியும் எழும் முன்பே காக்க வேண்டும். விலங்கு இல்லாத நல்ல நிலத்தை வீண்நிலமாகக் கருதாமல், அது திரும்பி வருவதற்கான நிலமாக வனத்துறைகள் ஒதுக்கிவைப்பதே இவ்வரைபடங்களால் விளையக்கூடிய முதற்பயன்.