மணல் எதைப் பிடிக்கும், எதை விடும்?

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போகிற நாட்களில் எங்கட செட்டுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அலை வந்து திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கையால் குழி தோண்டுவோம். முழங்கை ஆழம் போனதும் அடியில் தண்ணி ஊறத் தொடங்கும். கரையில் புரளுகிற தண்ணி கலங்கல். குழிக்குள் ஊறுகிற தண்ணி தெளிவு. ஒருத்தன் அள்ளி வாயில் வைப்பான், உடனே துப்புவான். உப்பு.

மணல் கலங்கலைப் பிடித்துவிட்டது, உப்பை விட்டுவிட்டது. ஏன் என்று அந்த வயதில் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் இதே கேள்வி வேறு மாதிரி இருந்தது. எங்கட கிணத்துக்கும் அடுத்த வளவின் மலசலகூடக் குழிக்கும் நடுவில் ஒரு மதில்தான். கல்முனைக்குடியில் இதை யாரும் புதினமாகப் பார்க்கமாட்டார்கள். காணி மகள்மாருக்குப் பிரிந்து பிரிந்து, ஒரு வளவுக்குள்ளேயே மூன்று வீடு, மூன்று கிணறு, மூன்று குழி என்று வந்துவிட்ட ஊர் இது. "இவ்வளவு கிட்ட இரிக்கே, தண்ணி பழுதாகாதா?" என்று கேட்டால் உம்மா சொல்வார்: "மணல்தானே மகன், ஊத்தையெல்லாம் மணல் புடிச்சிரும்."

உம்மா சொன்னது பாதி சரி. எந்தப் பாதி சரி என்று பிரித்துக் காட்ட உலகத்துக்கு ஏறக்குறைய 150 வருடம் பிடித்தது. அந்தக் கதை லண்டனில் தொடங்கி, ஒரு மணல் மணிக்குள் புகுந்து, கணினித் திரைக்கு வந்து சேர்கிறது.

தெருவின் ஒரு பக்கம் மட்டும்

1829இல் லண்டனில் செல்சி நீர் வழங்கல் கம்பனிக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியியலாளர் ஒரு ஏக்கர் பரப்பில் மணல் படுக்கை ஒன்றை அமைத்தார். தேம்ஸ் ஆற்றுத் தண்ணி அதன் மேலே நின்று, மெதுவாக இறங்கி, கீழே தெளிவாக வந்தது. அப்போது கிருமி என்ற கதையே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற கலங்கலை எடுப்பதுதான் நோக்கம். 1852இல் வந்த சட்டம், லண்டனில் வீடுகளுக்குக் கொடுக்கிற தண்ணியை 1855 முடிவதற்குள் வடிகட்டித்தான் கொடுக்கவேண்டும் என்றது.

மணல் கண்ணுக்குத் தெரியாததையும் பிடிக்கிறது என்பதற்குச் சாட்சி 1892இல் கிடைத்தது. ஜேர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹம்பேர்க், அதற்குக் கீழே ஒட்டினாற்போல் அல்ட்டோனா. இரண்டு நகரத்துக்கும் எல்பே தண்ணிதான். அல்ட்டோனா எடுத்ததோ ஹம்பேர்க்கின் கழிவும் கலந்து வந்த தண்ணி. ஆனால் அதை மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள். ஹம்பேர்க் அப்படியே கொடுத்தது. கொலரா வந்தபோது ஹம்பேர்க்கில் 8,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அல்ட்டோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் சுகம். கொலராக் கிருமியை அடையாளம் கண்ட ரொபேர்ட் கொக் இதைப் பெரிய ஆதாரமாக எடுத்துக் காட்டினார்.

இதுதான் உம்மாவின் சரியான பாதி. ஆனால் மணல் இதை எப்படிச் செய்கிறது?

வடியும் மணலும் ஒன்றல்ல

நம் மனதில் முதலில் வருவது தேத்தண்ணி வடி. ஓட்டையை விடப் பெரியது மேலே நிற்கும், சின்னது போகும். மணலும் அப்படித்தானோ?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று உருண்டைகளை ஒன்றோடொன்று முட்ட வைத்தால் நடுவில் வருகிற இடைவெளிக்குள், உருண்டையின் விட்டத்தில் சுமார் 15 வீதம் உள்ள பொருள் புகுந்து போகலாம். மணல் மணி அரை மில்லிமீற்றர் என்று வைத்தால், இடைவெளி சுமார் 75 மைக்ரோன். (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்.) ஒரு பக்டீரியா ஏறத்தாழ 1 மைக்ரோன். வைரசு அதிலும் பத்தில் ஒன்று, சிலவேளை ஐம்பதில் ஒன்று. வடி என்று பார்த்தால் நம்முடைய மணல், எறும்பைத் தடுக்கக் கட்டிய பெரிய கேற் மாதிரி. அப்படியிருந்தும் ஹம்பேர்க்கிலும் அல்ட்டோனாவிலும் நடந்தது நடந்தது.

சிம்ப்சன் கட்டிய மாதிரி மெதுவான படுக்கைகளில், மேல்மணலில் வளர்கிற உயிருள்ள வழுவழுப்புத் தோல் பாதி வேலையைச் செய்கிறது. அந்தத் தோல் இல்லாத ஆழத்து மணலிலும் கிருமி குறைகிறது. அதற்கு விடை தேட முதலில் தண்ணி மணலுக்குள் எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டும்.

அதை அளந்தவர் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியியலாளர் ஹென்றி டாசி. 1855-56இல் அங்குள்ள மருத்துவமனை முற்றத்தில் உயரமான இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, மணல் நிரப்பி, தண்ணி விட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். தண்ணியின் அழுத்த உயரம் கூடினால் ஓட்டம் கூடும். மணலின் தடிப்பு கூடினால் குறையும். 1856இல் டிஜோன் நகர நீரூற்றுகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் பின்னிணைப்பில் வந்த இந்த விதிதான் இன்றைக்கும் நிலத்தடி நீர்ப் படிப்பின் அத்திவாரம்.

1937இல் ஜப்பானியப் பொறியியலாளர் இவாசாக்கி அடுத்த படியை வைத்தார். ஒவ்வொரு மணல் அடுக்கும் தன்னிடம் வந்து சேர்வதில் ஒரே விகிதத்தைப் பிடிக்கிறது என்றார். முதல் சாண் பாதியைப் பிடித்தால், அடுத்த சாண் மிச்சத்தில் பாதி. நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை. குறைந்துகொண்டே போகும், பூச்சியத்தைத் தொடாது. கிணத்துக்கும் குழிக்கும் இடையில் தூரம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அடியும் ஒரு அடுக்கு. மதிலுக்குப் பக்கத்தில் மதிலாகக் கட்டும்போது நாம் இழப்பது அந்த அடுக்குகளைத்தான்.

ஒரு மணியைச் சுற்றி

1971இல் யாவோ, ஹபிபியன், ஓமெலியா என்ற மூன்று பேர் ஒரே ஒரு மணல் மணியை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அதைச் சுற்றித் தண்ணி வளைந்து போகிறது. தண்ணியோடு வருகிற துணிக்கை மணியைத் தொட மூன்று வழி இருக்கிறது. ஓட்டத்தோடு போகையில் உரசிக்கொள்வது ஒன்று. பாரத்தால் கீழே இறங்கி மணியில் உட்காருவது இரண்டு. தண்ணி மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி, தடுமாறிப் போய் முட்டுவது மூன்று.

பெரிய துணிக்கைக்கு பாரம் இருக்கிறது, இறங்கிவிடும். மிகச் சின்னதுக்குத் தடுமாற்றம் அதிகம், எங்கேயாவது முட்டிவிடும். நடுவில் இருப்பதுக்கு இரண்டும் போதாது. அது ஓட்டத்தோடு வழுக்கிப் போய்விடும். அந்த நடு அளவு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1 மைக்ரோன். பல பக்டீரியாக்களின் அளவு.

மணலிடமிருந்து மிக இலகுவாகத் தப்புகிற அளவில்தான் நாம் அதிகம் பயப்படவேண்டிய சில கிருமிகள் இருக்கின்றன. தண்ணி சுத்திகரிப்பு நிலையங்களில் மணலுக்கு முன்பே படிகாரம் போடுவது இதனால்தான். சின்னதுகளை ஒட்டவைத்துக் கட்டியாக்கினால் மணலுக்குப் பிடிக்க இலகு.

தொடுவது மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். நல்ல தண்ணியில் மணலுக்கும் பக்டீரியாவுக்கும் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். உப்புக் கூடினால் அந்தத் தள்ளல் தளர்ந்து ஒட்டும். திரும்ப நல்ல தண்ணி வந்தால்? பின்னாளில் பம்பாய் ஐ.ஐ.டியில் பேராசிரியராக இருந்த கார்த்திக் கிலார், ஃபோக்லருடன் சேர்ந்து 1980களில் மணற்கல்லில் இதைச் சோதித்தார். உப்பு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும், ஒட்டியிருந்த நுண் களித் துணிக்கைகள் கழன்று ஓடத் தொடங்கின. மணல் பிடித்ததை எப்போதும் பிடித்தபடியே வைத்திருப்பதில்லை.

திரைக்குள் மணல்

இவ்வளவும் ஒரு உருண்டை மணிக்கான கணக்கு. உண்மையான மணல் உருண்டை இல்லை. கோணல், கூர், சிப்பித் துண்டு. ஆயிரம் மணிகளுக்கு நடுவில் தண்ணி எப்படி வளைகிறது என்பதைக் கையால் கணக்கிட முடியாது.

தண்ணி ஓட்டத்துக்கான சமன்பாடுகளை நேவியரும் ஸ்டோக்சும் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே எழுதிவிட்டார்கள். தீர்ப்பதுதான் கஷ்டம். 1922இல் லூவிஸ் ரிச்சட்சன், காற்றுமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 64,000 ஆட்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டால் காலநிலையைச் சொல்லலாம் என்று கற்பனை செய்தார். அந்த ஆட்களின் வேலையைப் பிறகு கணினி எடுத்துக்கொண்டது. இதற்குப் பெயர் கணிப்பியப் பாயி இயக்கவியல், சுருக்கமாக சீ.எஃப்.டி. பாயி என்றால் ஓடக்கூடியது: தண்ணி, காற்று, எண்ணெய்.

மணலுக்கு அதைச் செய்வது இப்படி. ஒரு சிறு மணல் துண்டை எக்ஸ்ரே ஸ்கேனில் வைத்து, மணிகளின் வடிவத்தைக் கணினிக்குள் எடுக்கிறார்கள். மணிகளுக்கு நடுவில் உள்ள வெளியை இலட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணியின் வேகமும் அழுத்தமும் கணிக்கப்படும். பிறகு அந்த ஓட்டத்துக்குள் ஆயிரக்கணக்கில் துணிக்கைகளை விட்டு, ஒவ்வொன்றும் எங்கே போகிறது, எங்கே முட்டுகிறது, ஒட்டுகிறதா என்று பின்தொடர்வார்கள். ஒட்டியது இடத்தை அடைத்தால் ஓட்டத்தைத் திரும்பக் கணிப்பார்கள்.

ஒரு தெருவின் மணலை மணி மணியாக இப்படிக் கணிக்க முடியாது. சில மில்லிமீற்றர் துண்டுக்கே நல்ல கணினி வேண்டும். அந்தத் துண்டிலிருந்து கிடைக்கிற பிடிப்பு விகிதத்தை எடுத்து, இவாசாக்கியின் சமன்பாட்டில் போட்டு மீற்றர் கணக்குக்கு வருவார்கள்.

மாதிரி காட்டுகிற ஒரு விஷயம் நமக்கு நேரடியாகப் படும். வேகம் கூடினால் 1 மைக்ரோனும் அதற்குக் கீழும் பிடிபடுவது குறையும். வாளி போட்டு அள்ளின கிணத்தில் இன்றைக்கு மோட்டர் ஓடுகிறது. அதே மணல், அதே தூரம். ஆனால் மோட்டர் இழுக்கும்போது கிணத்தைச் சுற்றித் தண்ணி ஓடுகிற வேகம் வேறு.

2004 டிசம்பர்

இப்படியான கணிப்புகளுக்கு இன்று பலரும் பாவிக்கிற ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள், யாரும் காசில்லாமல் எடுக்கலாம் என்று 2004 டிசம்பரில் வெளியானது. அதே மாதம் 26ஆம் திகதி எங்கட கரைக்குக் கடல் வந்தது. இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தக் கணக்குக்குள் எங்கட வீடுகளும் இருக்கின்றன.

உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த நாளே வந்த கேள்வி தண்ணி. இலங்கை முழுக்க 40,000க்கு மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தோ மாசுபட்டோ போயின என்று மதிப்பிட்டார்கள். 2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் ஆய்வாளர்கள் கரையோர நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். திஸ்ஸ இலங்கசேகர முதல் ஆசிரியராக 2006இல் வந்த அவர்களின் கட்டுரை, கடல் தண்ணி இரண்டு வழியாக இறங்கியது என்றது: திறந்த கிணறுகளுக்குள் நேராக, தேங்கி நின்ற இடங்களில் மணலுக்குள்ளால்.

இங்கேதான் உம்மாவின் மற்றப் பாதி உடைகிறது. உப்பு துணிக்கை இல்லை, கரைந்த பொருள். அதற்கு உரசலும் இல்லை, இறங்குதலும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. எத்தனை அடி மணல் இருந்தாலும் தண்ணி போகிற இடமெல்லாம் கூடப் போகும். குழியிலிருந்து வருகிற நைத்திரேற்றும் அப்படித்தான். உப்பை வெளியேற்ற மணலால் முடியாது, மழைதான் தள்ளவேண்டும். பல மாரிகள் வேண்டும் என்று அந்தக் கட்டுரை சொன்னது.

இறைத்துக் கொட்டினால் உப்புப் போய்விடும் என்று கிணறுகளை இறைத்தோம். சில இடங்களில் அது சரிவந்தது. அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழே கிடந்த உப்புத் தண்ணி மேலே ஏறியது. எங்கட நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய வில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும் என்பது கைபென்-ஹேர்ஸ்பேர்க் விதி. மேலே ஒரு அடியை இறக்கினால் கீழே நாற்பது அடி போகும்.

இன்றைக்குக் குழாய்த் தண்ணி வருகிறது. வெட்டுகிற நாளில் எல்லாரும் திரும்பப் போவது கிணத்தடிக்கே. ஆகவே இந்த வரலாறு பழங்கதை இல்லை. கிணத்துத் தண்ணியைக் குடிக்க எடுத்தால் கொதிக்கவைத்து எடுங்கள். தெளிவாக இருப்பது சாட்சி ஆகாது, அந்தக் கொடியேற்றக் குழி ஞாபகம் இருக்கட்டும். புதுக் குழி வெட்டும்போது மதிலைப் பார்க்காமல், அங்கால் இருக்கிற கிணத்தைப் பாருங்கள். கரையில் மண் அள்ளுகிறவனைக் கண்டால், எங்கட வடியையும் எங்கட தண்ணித் தாங்கியையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறான் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, பொறியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு. மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. மாதிரிக்குள் போட வேண்டியது எங்கட மணலின் மணி அளவு, இடைவெளி, தண்ணியின் வேகம். அதை ஒலுவிலில் படிக்கிற ஒருவர் ஒரு வாளியோடு வந்து எடுக்கலாம். எங்கட கிணத்தடியில் இருந்தே தொடங்கலாம், உம்மா ஒன்றும் சொல்லமாட்டார்.