அமைதியான காடு பத்திரமான காடா?

நான் 34 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். படித்தது பி.காம். காட்டைப் பற்றியும் புழுவைப் பற்றியும் எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் மனிதரைப் பற்றிப் படித்தபோது, நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கிளையின் டெபாசிட்டும் கடனும் பெரும்பாலும் ஒரே ஒரு ஆலையை நம்பி இருந்தன. தினமும் கணக்கு பைசா பிசகாமல் டேலி ஆகும். வாராக்கடன் என்று பேச்சே இல்லை. ஒரு வருடம் ஆலையை மூடினார்கள். சில மாதங்களிலேயே கிளை தள்ளாட ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருடம் ஆடாமல் இருந்ததையே நாங்கள் பலம் என்று நினைத்திருந்தோம்.

ஆடாமல் இருப்பது வேறு, அடி தாங்குவது வேறு. காடுகளை வைத்து இந்த வித்தியாசத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கனடா நாட்டுச் சூழலியலாளர் சி.எஸ். ஹாலிங்.

1930-இல் பிறந்தவர். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் படித்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார். கனடா அரசின் வனத்துறை ஆய்வகத்தில் வேலை. ஓர் எலியோ பறவையோ எத்தனை பூச்சிகளைத் தின்னும் என்பதுதான் அவருடைய ஆரம்பகால ஆராய்ச்சி.

அதற்கு அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 3 அடி சதுர மேஜையில், உப்புத்தாளில் வெட்டிய சிறு வட்டங்களைப் பரப்பினார். கண்ணைக் கட்டிய ஓர் உதவியாளர் விரலால் தட்டித் தட்டி அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். நேரம் 1 நிமிடம். வட்டங்கள் அதிகமானால் கையில் சிக்குவதும் அதிகமாகும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அது ஏறவில்லை. காரணம், ஒவ்வொன்றையும் எடுத்து ஒதுக்கி வைக்கவே நேரம் போய்விடுகிறது. வங்கிக் கவுண்டரில் நின்றிருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. வரிசை எவ்வளவு நீண்டாலும், ஒரு கேஷியர் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் அனுப்ப முடியும். இதை அவர் 1959-இல் ஒரு சமன்பாடாக எழுதினார். சூழலியல் பாடப்புத்தகங்களில் அது இன்றும் இருக்கிறது.

அடுத்துத்தான் கதையின் முக்கியமான கட்டம். கனடாவின் கிழக்கே நியூ பிரன்ஸ்விக் என்று ஒரு மாகாணம். ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்கள் நிறைந்த காடு. காகிதக்கூழ் ஆலைகளுக்கு அதுதான் ஆதாரம். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அங்கே தளிர்களைத் தின்னும் ஒரு புழு பெருகி, முதிர்ந்த ஃபிர் மரங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்துவிடும். 1952-இல் விமானம் மூலம் டி.டி.டி. தெளிக்க ஆரம்பித்தார்கள். 1954-இல் தெளித்தபோது மிராமிச்சி ஆற்றில் சால்மன் குஞ்சுகள் பெருமளவில் செத்தன. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்தச் சம்பவமும் வருகிறது.

இந்தக் காட்டுக் கணக்கை ஹாலிங்கும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மரங்கள் இளசாக இருக்கும்போது இலைப்பரப்பு குறைவு. பறவைகள் புழுக்களை எளிதில் கண்டுபிடித்துத் தின்றுவிடும். மரம் வளர வளர இலைகள் பெருகும், தேடுவது கடினமாகும். புழு ஓர் அளவைத் தாண்டிவிட்டால், நம் கேஷியர் மாதிரிதான், பறவைகளால் சமாளிக்க முடியாது. காட்டின் பெரும்பகுதி காய்ந்துபோகும். பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் புழுவும் குறையும். அடியில் காத்திருந்த கன்றுகள் மேலே வரும். ஃபிர் மட்டுமே ஆக்கிரமிக்காமல் ஸ்ப்ரூஸுக்கும் பிர்ச்சுக்கும் இடம் கிடைக்கும்.

அப்படியானால் மருந்து தெளித்ததால் என்ன ஆயிற்று? மரங்கள் பிழைத்தன, ஆலைகளுக்கும் மரம் கிடைத்தது. ஆனால் மரம் பிழைத்ததால் புழுவுக்கும் உணவு தீரவில்லை. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய நிலையிலேயே காடு நின்றது. தெளிப்பதை நிறுத்தவும் முடியவில்லை, நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிறவன் நிலைமைதான்.

1973-இல் ஹாலிங் 23 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நிலைத்தன்மை வேறு, மீள்திறன் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். ஏற்ற இறக்கம் இல்லாமல், பழைய நிலைக்குச் சீக்கிரம் திரும்புவது நிலைத்தன்மை. எவ்வளவு அடி வாங்கினாலும் தன் அடிப்படை உறவுகளை இழக்காமல் தொடர்வது மீள்திறன். அந்தப் புழுக் காடு நிலையற்றது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தினால்தான் அதற்கு மீள்திறன் கிடைக்கிறது என்றார். காடு என்றால் மாறாத சமநிலை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது புதுப் பார்வை.

குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இயற்கை முழுதாக நமக்குப் பிடிபடாது; ஆகவே ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு சோதனையாகவே நடத்துங்கள், விளைவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போங்கள் என்றார். அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் பட்டறைகளை நடத்தினார். இந்த முறையை விளக்கும் நூல் 1978-இல் வந்தது. 1981 முதல் 1984 வரை வியன்னா அருகிலுள்ள ஒரு சர்வதேச ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். பனிப்போர்க் காலத்தில் கிழக்கு, மேற்கு இரு தரப்பு விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை செய்த இடம் அது. 1988-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் போனார்.

1996-இல் கேரி மெஃபேயுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, நிர்வாகம் செய்யும் எல்லாரும் படிக்க வேண்டியது. ஒரு தொந்தரவை அடக்குவதில் நிர்வாகம் வெற்றி பெறும். அந்த வெற்றியை நம்பி மேலும் முதலீடு குவியும். உள்ளே காடோ ஆறோ தாங்கும் சக்தியை இழந்துகொண்டே வரும். சின்னச் சின்னக் காட்டுத்தீயை எல்லாம் உடனுக்குடன் அணைத்தால் சருகு சேர்ந்து, பின்னால் பெருந்தீ வருவது இதற்கு நல்ல உதாரணம்.

ஹாலிங் 2019 ஆகஸ்டில் காலமானார். மீள்திறன் என்ற சொல்லை இன்று பொருளாதாரம் முதல் பேரிடர் மேலாண்மை வரை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு அவருடைய 1973 கட்டுரை முக்கியமான காரணம்.

அந்தக் கிளையில் இருந்தபோது, "இந்த ஆலை இல்லாவிட்டால் என்ன செய்வோம்?" என்று நானும் கேட்டதில்லை, என் மேலாளரும் கேட்டதில்லை. டேலி ஆனால் போதும் என்று வீட்டுக்குப் போனோம். நம் சங்கத்தின் பொதுக்குழுவில் 'இந்த ஆண்டு எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று அறிக்கை வாசிக்கும்போது நீங்கள் கை தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். தட்டி முடித்த பிறகு அந்தக் கேள்வியையும் யாராவது ஒருவர் எழுந்து கேட்கட்டும்.