குண்டு உருவி

குண்டு உருவி என்பது சுடப்படாத தோட்டாவின் பித்தளைக் கூட்டிலிருந்து குண்டைக் கழற்றி எடுக்கும் கருவி. தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்ளும் பழக்கம் வேரூன்றிய அமெரிக்காவில் இதன் புழக்கம் அதிகம். வெடிமருந்தின் எடையில் ஐயம் எழுந்தாலோ, குண்டு அளவுக்கு மீறி உள்ளே இறங்கியிருந்தாலோ அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது, பிரித்துவிட வேண்டும். அங்கே மருந்தை நிறுப்பது கிரெயினில். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. தவறி இருமுறை கொட்டிய மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும்.

மலிவானது சுத்தியல் வகை. பிளாஸ்டிக்கால் ஆன இதன் தலை உள்ளே குழிவாக இருக்கும். தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடிப்பான் கவ்விக்கொள்ள, குண்டு குழியை நோக்கி நிற்கும். கெட்டியான பரப்பில் அடித்ததும் சுத்தியலும் கூடும் சட்டென நின்றுவிடும். குண்டோ வந்த வேகத்திலேயே நழுவிக் குழிக்குள் விழும், மருந்தும் கூடவே கொட்டும். கனத்த குண்டு சில அடிகளில் வந்துவிடும்; .22 அங்குல விட்டமுள்ள இலகுவான குண்டுக்கு அதிக அடி தேவைப்படலாம். குண்டின் முனை நசுங்காமலிருக்கக் குழிக்குள் சிறு பஞ்சுத் துண்டு வைப்பதுண்டு. கருவியோடு வந்த பிடிப்பானுக்குப் பதிலாக தோட்டா அடைக்கும் அழுத்து இயந்திரத்தில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைப் பொருத்துவது ஆபத்தான குறுக்குவழி.

குண்டைச் சுற்றி இறுகும் காலெட் என்ற கவ்வி கொண்ட வகை, அங்குலத்துக்கு 14 புரி கொண்ட 7/8 அங்குல மரையால் அழுத்து இயந்திரத்தில் ஏறும். தோட்டாவை மேலே ஏற்றி, காலெட்டைக் குண்டின் மேல் இறுக்கி, கூட்டைக் கீழே இழுக்க வேண்டும். மருந்து சிந்தாது, நூற்றுக்கணக்கில் பிரிப்பவருக்குக் கை வலியும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு விட்டத்துக்கும் தனிக் காலெட் வாங்க வேண்டும். கூட்டுக்கு வெளியே தெரியும் பகுதி குறைவான கைத்துப்பாக்கிக் குண்டுகளும் மென்மையான ஈயக் குண்டுகளும் பிடியிலிருந்து வழுக்கும். ஆகவே எப்போதாவது ஒன்றிரண்டைப் பிரிப்பவருக்குச் சுத்தியலே போதும். ஒரே அளவு ரைஃபிள் தோட்டாவைக் குவியலாகப் பிரிப்பவருக்குக் காலெட்டே ஏற்றது.

படைத்தளவாடத் தோட்டாக்கள் பலவற்றில் கூட்டின் கழுத்தை நீர் புகாதபடி கீல் பூசி அடைத்திருப்பார்கள். குண்டை முதலில் மயிரிழை அளவு உள்ளே அழுத்தினால் அந்தப் பூச்சு விட்டுக்கொடுக்கும். பிறகு உருவுவது எளிது.

.22 ரிம்ஃபயர் தோட்டாவைச் சுத்தியலில் வைக்கவே கூடாது. தட்டினால் பற்றும் வெடிமருந்து அதன் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. எந்த வகைக் கருவியானாலும் கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். இன்னதென்று உறுதியாகத் தெரியாத மருந்தை ஒருபோதும் டப்பாவில் திருப்பிக் கொட்டக் கூடாது.