இசட் புள்ளியும் கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளைகளில் மலையகப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியை எழுப்புகின்றனர். மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி ஏன் கிட்டவில்லை என்பதே அது. இதற்கான விடை இசட் புள்ளியிலும் மாவட்ட ஒதுக்கீட்டிலும் அடங்கியுள்ளது.

இசட் புள்ளி முறை 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் அதனை முன்மொழிந்தார். பாடங்கள் யாவும் ஒரே அளவு கடினமானவை அல்ல என்பதால், மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுக்கின்றனர். சராசரி 45, நியம விலகல் 15 ஆகவுள்ள பாடத்தில் 60 பெற்றவரின் இசட் புள்ளி 1 ஆகும். சராசரி 60, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 65 பெற்றவருக்குக் கிடைப்பது 0.5 மாத்திரமே. மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இசட் புள்ளியாகும். எனவே 'இலகுவான பாடம்' என்று தேடித் தெரிவுசெய்வதால் பயன் குறைவு.

இம்முறை பாடங்களைச் சமப்படுத்துகிறதேயன்றிப் பாடசாலைகளைச் சமப்படுத்துவதில்லை. அக்குறையை ஈடுசெய்வதே மாவட்ட ஒதுக்கீட்டின் நோக்கம். சட்டம், மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியன இந்தப் பதினாறில் அடங்கும். கண்டியும் மாத்தளையும் அடங்கா.

இதன் விளைவு கவனத்திற்குரியது. கலஹா, தெல்தோட்டைத் தோட்டப் பாடசாலை மாணவர், ஆய்வுகூடமும் அனுபவமிக்க ஆசிரியர்களும் தனியார் வகுப்புகளும் உள்ள கண்டி நகரின் முன்னணிப் பாடசாலை மாணவருடன் ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிட வேண்டியுள்ளது. நுவரெலியா மாவட்டத்தில் அதே நிலையிலுள்ள பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு சலுகையும் இவர்களுக்கு இல்லை.

சட்டத்துறைக்கு வேறு வாயில்களும் உண்டு. 1874இல் தோன்றிய இலங்கைச் சட்டக் கல்லூரி தனியான நுழைவுப் பரீட்சை மூலம் மாணவரைத் தெரிவுசெய்கிறது. மொழித்திறன், பொது அறிவு, நுண்ணறிவு என்பன அதில் சோதிக்கப்படுகின்றன. திறந்த பல்கலைக்கழகமும் சட்டமாணிக் கற்கைநெறிக்குத் தெரிவுப் பரீட்சை நடத்துகிறது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் உள்ளது. உயர்தரத்தில் வெட்டுப்புள்ளியை எட்டாதோர் இவ்வழிகளை அறிந்திருத்தல் நன்று.

தரப்படுத்தல் என்ற சொல் தமிழ் மக்களுக்குக் கசப்பானது. 1971இல் பேராதனைப் பொறியியல் அனுமதிக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அக்காலத்து அநீதியையும், பின்தங்கியோரைக் கைதூக்கிவிடும் ஏற்பாட்டையும் ஒன்றெனக் கருதலாகாது. முன்னையது மொழியைப் பார்த்துத் தடை விதித்தது. பின்னையது வசதியீனத்தைப் பார்த்து வழி திறக்க வேண்டியது.

2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணித்தமை தவறென 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமமற்ற இரு தொகுதியினரை ஒன்றாக அளக்கலாகாது என்பதே அதிலிருந்து பெறப்படும் பாடம். நகரத்தையும் தோட்டத்தையும் ஒரே அலகாகக் கொள்ளும் மாவட்ட ஒதுக்கீட்டிற்கும் இது பொருந்தும். மாவட்டத்துக்கு உள்ளேயுள்ள வேறுபாட்டைக் கல்வி வலய மட்டத்திலேனும் கணக்கிலெடுக்கும் வழியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆராய வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் இதனை வலியுறுத்துவது அவர்தம் கடமையாகும்.