எலி வைரஸ் என்சைம், குடல் பாக்டீரியாவில் தயாரிப்பு: ஆர்டிபிசிஆர் டெஸ்ட்டுக்குப் பின்னால் நடப்பது என்ன?

2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவில் இருந்து தமிழ்நாட்டுக்குள் வரணும்னா இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டிருக்கணும், இல்லைன்னா ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்றிதழ் வேணும் என்று விதி இருந்தது. வேலைக்கும் வைத்தியத்துக்கும் திருவனந்தபுரம் போய்வரும் குமரி மாவட்ட மக்களுக்கு களியக்காவிளை செக்போஸ்ட்டில் அந்த ஒரு தாள்தான் வழிவிட்டது. அந்தத் தாளில் பாசிட்டிவா நெகட்டிவா என்று முடிவு சொன்னது ஒரு என்சைம், அதாவது நொதி. அது சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸுக்குச் சொந்தமானது. ஆனால் தயாராவது எலியிலும் இல்லை, வைரஸிலும் இல்லை. பாக்டீரியாவில்!

அந்த என்சைமுக்கு என்ன வேலை?

கொரோனா வைரஸின் மரபுப் பொருள் ஆர்என்ஏ. பிசிஆர் மெஷினுக்கோ டிஎன்ஏ மட்டும்தான் புரியும். மூக்கில் எடுத்த சாம்பிளில் உள்ள ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதித் தருவதுதான் 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்சைம். 'ஆர்டி' என்ற இரண்டு எழுத்து இதைத்தான் குறிக்கிறது. இது வேலை செய்யலைன்னா, உடம்பில் வைரஸ் இருந்தாலும் மெஷின் 'இல்லை'ன்னு சொல்லிவிடும்.

1970-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் டெமின், சதோஷி மிசுட்டானி ஒரு பக்கமும், டேவிட் பால்டிமோர் இன்னொரு பக்கமும் இதைக் கண்டுபிடித்தார்கள். டெமினும் பால்டிமோரும் 1975-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கூடவே உழைத்த மிசுட்டானி பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆரம்பத்தில் இந்த என்சைம் வேணும்னா கோழிகளுக்கு ஒரு வைரஸைத் தொற்றவைத்து, அவற்றின் ரத்தத்தில் இருந்து வைரஸைப் பிரித்து எடுக்கணும். செலவும் அதிகம், கிடைப்பதும் கொஞ்சம். 1985-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் காஃப் குழு, எலி வைரஸின் இந்த என்சைமை ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்துக் காட்டியது. அதன் பிறகு கோழிக்கு அவ்வளவாக வேலை இல்லை.

பாக்டீரியா எப்படி வைரஸ் என்சைமைச் செய்யுது?

என்சைமுக்கான ஜீனை மட்டும் எடுத்து, 'பிளாஸ்மிட்' எனும் வட்ட டிஎன்ஏவில் ஒட்டி பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள். முழு வைரஸ் அதில் இல்லை. அதனால் 'லேப்ல வைரஸை வளர்க்கிறாங்களா?' என்று பயப்பட வேண்டாம். ஒரு சமையல் குறிப்பை மட்டும் கிழித்துக் கொடுத்த மாதிரி.

ஈஸ்ட் சாறும் உப்பும் கலந்த திரவத்தில், 37 டிகிரி சூட்டில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப்படி பார்த்தால் 10 மணி நேரத்தில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். திரவம் கலங்கி வரும் சமயத்தில் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். 'இப்போ ஆரம்பி' என்ற சிக்னல் அது.

இங்கதான் அவசரப்படக் கூடாது. சூடு அதிகமாக இருந்து வேகமாகச் செய்தால் புரதம் சரியாக மடங்காமல் கட்டி கட்டியாகிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் திரண்டுவிடுமே, கிட்டத்தட்ட அந்த நிலைதான். அதனால் 16, 18 டிகிரிக்குக் குளிரவைத்து ராத்திரி முழுக்க மெதுவாக விடுவார்கள்.

கஷ்டமே சுத்தப்படுத்துறதில்தான்

காலையில் பாக்டீரியாவை உடைத்தால் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த ஒரு குழம்பு கிடைக்கும். அதில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்காக முன்கூட்டியே அந்த என்சைமின் நுனியில் 'ஹிஸ்டிடின்' என்ற அமினோ அமிலத்தை ஆறு தடவை ஒட்டியிருப்பார்கள். இந்த வால் நிக்கலில் போய்ப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் உள்ள குழாய் வழியாகக் குழம்பை விட்டால், மற்றவை பெரும்பாலும் ஓடிவிடும். பிறகு 'இமிடசோல்' கரைசலை ஊற்றினால் என்சைம் பிடியை விட்டு இறங்கிவரும்.

அதோடு முடியலை. பாக்டீரியாவின் ஆர்என்ஏஸ் என்ற இன்னொரு என்சைம் துளி ஒட்டியிருந்தாலும், சாம்பிளில் உள்ள ஆர்என்ஏவையே தின்றுவிடும். அப்புறம் ரிசல்ட் நெகட்டிவ்தான். நம்ம கைவிரலில் இருந்தும் ஆர்என்ஏஸ் வரும், கையுறை இல்லாமல் தொட்டால் மொத்த உழைப்பும் போச்சு. அதனால் இன்னும் ஓரிரு குழாய்களில் வடிகட்டி, ஒவ்வொரு பேட்ச்சையும் சோதித்துத்தான் வெளியே விடணும். ஒரு லிட்டர் வளர்ப்பில் ஆயிரக்கணக்கான டெஸ்ட்டுகளுக்கான என்சைம் கிடைக்கும். ஆனால் இன்றைய பேட்ச்சும் அடுத்த மாத பேட்ச்சும் ஒரே மாதிரி வேலை செய்யணுமே, அதில்தான் விஷயம் இருக்கு.

அப்போ ஏன் இறக்குமதி செய்தோம்?

2020 மார்ச்சில் தனியார் லேப்களுக்கு ஐசிஎம்ஆர் வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். என்சைம் உட்பட முக்கியப் பொருட்கள் வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்தன. உலகமே ஒரே நேரத்தில் கேட்டதால் தட்டுப்பாடு. அந்த மாதமே புனேவின் மைலேப் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரலில், நாகர்கோவிலில் இருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் 'சித்ரா ஜீன்லேம்ப்' டெஸ்ட்டை உருவாக்கியது. குமரிக்காரர்கள் இதய, மூளை சிகிச்சைக்குப் போகும் அதே இடம்தான். ஆனால் உள்நாட்டு கிட் என்றாலும், உள்ளே இருக்கும் என்சைம் எங்கிருந்து வருது என்ற கேள்வி தனி. அந்த உள்பொருட்களையும் இங்கேயே தயாரிப்பவர்களை இணைக்கத்தான் பெங்களூருவின் சி-கேம்ப் 'இன்டிஎக்ஸ்' திட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தப் பழைய எலி வைரஸ் என்சைமின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. யாரும் தயாரிக்கலாம். 50 டிகிரிக்கு மேலும் தாங்கும்படி மாற்றிய புது வகைகள் சிலவற்றுக்குத்தான் இன்னும் கம்பெனிகளின் பிடி. கல்லூரி லேப்பிலும் ஆராய்ச்சிக்காகச் செய்துகொள்ள முடியும். நோயாளிக்கு ரிசல்ட் தரும் கிட்டில் போகணும்னா மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் வேணும், அது சரியும்கூட. டெங்கு, நிபா, பன்றிக் காய்ச்சல் எல்லாமே ஆர்என்ஏ வைரஸ்கள். அவற்றின் பிசிஆர் டெஸ்ட்டுக்கும் இதே வகை என்சைம்தான்.

இன்னொரு சிக்கல் ஃப்ரீசர். திரவமாக வரும் இந்த என்சைமை பாதி கிளிசரின் கலந்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கணும். 2017 ஓகி புயலில் குமரி மாவட்டத்தின் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் இல்லையா? அப்படி ஒரு வாரத்தில் இந்தக் குப்பி என்ன ஆகும்? அதனால்தான் கோவாவின் மோல்பயோ தயாரிக்கும் 'ட்ரூநாட்' மாதிரியான டெஸ்ட்டுகளில் என்சைமை உலரவைத்தே கொடுத்துவிடுகிறார்கள். மைனஸ் 20 ஃப்ரீசர் வேண்டாம், மெஷினும் பேட்டரியில் ஓடும்.